டெல்டா மனிதர்களைப் பேட்டி எடுப்பது எப்படி? உள்ளூர்த் தொலைக்காட்சிக்கான முழுமையான வழிகாட்டி

உள்ளூர் கேபிள் சேனலில் ஒரு நாதஸ்வர வித்வான் அரை மணி நேரம் பேசுகிறார். "உங்கள் இசைப் பயணம் எப்படித் தொடங்கியது?", "என்னென்ன விருதுகள் வாங்கியிருக்கிறீர்கள்?", "இளைய தலைமுறைக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். அவரும் பணிவாகப் பதில் சொல்கிறார். சால்வை போர்த்துகிறார்கள், நிகழ்ச்சி முடிகிறது. அவர் கையிலிருந்த குழலை எந்தப் பட்டறையில் கடைந்தார்கள், வாயில் வைத்து ஊதும் சீவாளியை அவரே பதப்படுத்துகிறாரா, கோயில் பள்ளியறைக்கு நீலாம்பரி ராகம் வாசிக்க அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார், அந்தக் கோயிலில் இன்று அந்த வேளைக்கு யார் வாசிக்கிறார்கள் என்பதில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை.

அந்த இழப்பைத் தவிர்க்கத்தான் இந்த வழிகாட்டி. சென்னையிலிருந்து வரும் சேனல், கோனேரிராஜபுரம் எங்கே இருக்கிறது என்று சொல்லவே நேரம் ஒதுக்க வேண்டும். நம் பார்வையாளருக்கு அந்த ஊர்ப் பஸ் எத்தனை மணிக்கு என்பது வரை தெரியும். அதனால் நாம் நேரே உள்ளே போய், வேறு யாரும் கேட்க முடியாத நுணுக்கத்தோடு கேட்கலாம். உள்ளூர்ச் சேனலில் ஒளிபரப்பாகும் ஒவ்வொரு பேட்டியும் அந்த ஊரின் ஆவணம். அந்த எண்ணத்தோடுதான் விருந்தினரைத் தேர்ந்தெடுப்பது முதல் கோப்புக்குப் பெயர் வைப்பது வரை ஒவ்வொன்றையும் முடிவு செய்ய வேண்டும்.

யாரைப் பேட்டி எடுப்பது

விருது வாங்கியவர்களின் பட்டியலைவிடப் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களின் பட்டியல் நல்ல தொடக்கம். சுவாமிமலை வெண்கலச் சிலை, தஞ்சாவூர் ஓவியம், தஞ்சாவூர் வீணை, கலைத்தட்டு, தலையாட்டி பொம்மை, நெட்டி வேலை, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, திருபுவனம் பட்டு, 2022-இல் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம், 2025-இல் பெற்ற கும்பகோணம் வெற்றிலை எனப் பட்டியல் நீள்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் செய்பவர், மூலப்பொருள் கொண்டுவருபவர், பயன்படுத்துபவர் என்று குறைந்தது மூன்று பேட்டிகள் இருக்கின்றன. நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் கடைபவரைப் பேட்டி எடுத்தால், ஆச்சா மரம் அவருக்கு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அடுத்த விருந்தினரைத் தானே கொண்டுவரும். பழைய கட்டடங்களில் பல பத்தாண்டுகள் இருந்து காய்ந்த மரத்தைத் தேடிப் பிடிக்கிறவரிடமும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கும்.

ஆனால் பட்டியலில் வராதவர்களும் டெல்டாவின் பெரிய மனிதர்களே. மதகைத் திறந்து மூடிய பொதுப்பணித் துறை லஸ்கர், நடவுப் பாட்டு தெரிந்த மூதாட்டி, நாகப்பட்டினத்தில் மீன் ஏலம் எடுக்கும் பெண், நாகூர் தர்காவில் பாடும் பக்கீர், கும்பகோணத்தில் வீட்டில் சௌராஷ்டிர மொழி பேசும் நெசவாளர், தஞ்சாவூரில் மராத்தி பேசும் குடும்பம், மெலட்டூர் பாகவத மேளாவில் பெண் வேடம் கட்டும் ஆண் என்று இவர்களில் யாரையும் "பிரபலமானவர்களா?" என்று கேட்டு ஒதுக்கக் கூடாது. ஒரு வேலையை முழுதாக அறிந்தவர் என்பதே போதுமான தகுதி.

ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் விருந்தினர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். எல்லோரும் ஆண்களா? எல்லோரும் ஆற்றுநீர் முதலில் பாயும் தலைமடைக்காரர்களா? ஒரே சாதி, ஒரே மதம், ஒரே கட்சியைச் சேர்ந்தவர்களா? அப்படியென்றால் நீங்கள் பதிவு செய்துகொண்டிருப்பது ஊரை அல்ல, உங்களுக்குப் பழக்கமான தெருவை.

முதியவர்களை முதலில் பேட்டி எடுப்பது சரிதான். ஆனால் வயதை மட்டும் கணக்கில் வைக்காதீர்கள். பாரம்பரிய நெல் விதைகளைச் சேகரித்த 'நெல்' ஜெயராமன் 2018 டிசம்பரில் மறைந்தபோது அவருக்கு ஐம்பது வயதுதான். அவரிடம் விதை வாங்கி, அடுத்த ஆண்டு இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்த விவசாயிகள் திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். 2013-இல் மறைந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரோடு நடந்தவர்களும் இருக்கிறார்கள். பெரியவர் ஒருவரை நாம் தவறவிட்டிருந்தால், அவரோடு வேலை செய்தவரிடம் போக வேண்டும்.

கேமரா இல்லாமல் முதல் சந்திப்பு

பேட்டிக்கு முன் ஒருமுறை கேமரா இல்லாமல் அவர் வீட்டுக்குப் போய் வாருங்கள். போனில் பேசி நாள் குறிப்பதோடு நிறுத்திக்கொண்ட பேட்டிகளில் பாதி நேரம் அறிமுகத்திலேயே கரைந்துவிடுகிறது.

இந்தச் சந்திப்பில் பார்க்க வேண்டியவை வீடு, வெளிச்சம், சத்தம், பழைய புகைப்படங்கள், கச்சேரி நோட்டீஸ்கள், கல்யாணப் பத்திரிகைகள், கணக்கு நோட்டு, டைரி. பேச வேண்டியது அவரிடம் மட்டுமல்ல. மனைவியிடமும் சீடரிடமும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் பேசுங்கள். "ஐயா எதைப் பற்றிப் பேசினால் உற்சாகமாகிவிடுவார்?" என்று அவர்களிடம் கேட்டால் நேரான பதில் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். அவரது முக்கியமான கதையை அன்றே முழுதாகச் சொல்ல விடாதீர்கள். முதல்முறை சொல்லும்போது இருக்கும் தடுமாற்றமும் வேகமும் இரண்டாம் முறை இருக்காது. அவர் தொடங்கினால், "இதைக் கேமரா முன்னால் கேட்க ஆசைப்படுகிறேன் ஐயா, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடலாம். யாரும் வருத்தப்படுவதில்லை. பெரும்பாலும் மகிழ்ச்சிதான் அடைவார்கள்.

நாள் குறிப்பதற்கும் உள்ளூர் நாட்காட்டி தெரிந்திருக்க வேண்டும். முகூர்த்த நாளில் நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். தை மாதத்தில் சம்பா அறுவடையிலும் கொள்முதல் நிலையத்திலும் நிற்கும் விவசாயியிடம் ஒரு மணி நேரம் கேட்பது நியாயமில்லை. கர்நாடக இசைக் கலைஞர்கள் மார்கழியில் சென்னையில் இருப்பார்கள். திருவையாறு தியாகராஜர் ஆராதனை, புஷ்ய மாதத்தின் தேய்பிறைப் பஞ்சமியை ஒட்டி வருவதால், ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும். அந்த நாள்களில் வெளியூர்க் கலைஞர்கள் நம் பக்கம் வருகிறார்கள் என்பதால், அதை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டால் பல பேட்டிகளுக்கு வழி பிறக்கும்.

காலத்தைக் கணக்கிடும் தாள்

இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். எழுபது, எண்பது வயதுக்காரரிடம் "எந்த ஆண்டு?" என்று கேட்டால் அவர் தடுமாறுவார், அல்லது நம்மைத் திருப்திப்படுத்த ஏதோ ஒரு ஆண்டைச் சொல்வார். "அந்தப் புயலுக்கு முன்னாலா, பின்னாலா?" என்று கேட்டால் சட்டென்று பதில் வரும். ஆகவே டெல்டாவின் நினைவில் ஊன்றிய நிகழ்வுகளை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள்.

புயல்கள்: நாகப்பட்டினத்தைத் தாக்கிய 1952 நவம்பர் புயல், 1977 நவம்பர் புயல், 2018 நவம்பர் 16 கஜா. இவற்றோடு 2004 டிசம்பர் 26 சுனாமி. கும்பகோணம் மகாமகம் 1968, 1980, 1992, 2004, 2016 ஆகிய ஆண்டுகளில் வந்தது. "மகாமகத்துக்கு முந்திய வருஷம் எனக்குக் கல்யாணம்" என்று ஒரு பாட்டி சொன்னால், எந்த மகாமகம் என்று கேட்டாலே கணக்கு முடிந்துவிடும். விவசாயிகளுக்கு நெல் ரகங்களே ஆண்டுக்கணக்கு. 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 வந்தது. அதற்கு முன் அவர்கள் வீட்டில் என்ன விதைத்தார்கள் என்று கேட்டால் பசுமைப் புரட்சிக்கு முந்தைய டெல்டா கண்முன் வந்துவிடும். பண்ணையில் வேலை செய்த குடும்பங்களுக்கு 1952-ஆம் ஆண்டின் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணிப் படுகொலையும் காலத்தைப் பிரிக்கும் கோடுகள்.

மாவட்டப் பெயரிலும் கவனம் தேவை. முதியவர் "தஞ்சாவூர் ஜில்லா" என்று சொன்னால், அவர் குறிப்பிடுவது இன்றைய வேதாரண்யமாகவும் இருக்கலாம், சீர்காழியாகவும் இருக்கலாம். நாகப்பட்டினம் 1991-இல் பிரிந்தது. திருவாரூர் 1997-இலும் மயிலாடுதுறை 2020-இலும் தனி மாவட்டங்களாயின. ஊரின் பெயரையும் பக்கத்துப் பெரிய ஊரையும் கேட்டு உறுதி செய்யாவிட்டால், திரையில் தவறான மாவட்டம் வந்து, அதைப் பார்க்கும் பேரப்பிள்ளைகள் அதையே உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள்.

கேள்விகள்

முதல் கேள்வி பெயரிலிருந்து தொடங்கட்டும். டெல்டாவில் ஊர்ப் பெயர் இல்லாத கலைஞர் அரிது: திருவீழிமிழலை சகோதரர்கள், நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, உமையாள்புரம் சிவராமன். ஆனால் பெயரில் உள்ள ஊரில்தான் பிறந்தார் என்று எண்ணிவிட முடியாது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பிறந்தது திருமருகலில். பாபநாசம் சிவன் பிறந்தது போலகத்தில். ஓர் ஊர் எப்படி ஒருவருக்குப் பெயராகிறது என்ற கேள்விக்குள் குருகுலம், ஆதீனம், திருமண உறவு, பிழைப்புத் தேடிய இடப்பெயர்ச்சி எல்லாம் அடங்கிவிடும். "உங்கள் பெயரில் இந்த ஊர் எப்படி வந்தது?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள்.

அடுத்து, கருத்தைக் கேட்காமல் செயலைக் கேளுங்கள். "நாதஸ்வரம் அழிந்துகொண்டிருக்கிறதா?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். கீழே உள்ளது போலக் கேட்டால் ஒவ்வொருவரும் வேறு வேறு பதில் சொல்வார்கள்:

"சீவாளிக்குத் தட்டை எங்கே வெட்டுவார்கள்? எத்தனை நாள் காயவைக்க வேண்டும்? இது சரியாக வந்திருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும், நாக்கிலா, காதிலா?"

"சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி. தேர் மல்லாரிக்கும் தளிகை மல்லாரிக்கும் வித்தியாசத்தை வாசித்துக் காட்ட முடியுமா?"

"திமிரி வாசித்த கடைசித் தலைமுறையை நீங்கள் நேரில் கேட்டிருக்கிறீர்களா? பாரிக்கு மாறியபோது மூச்சுப் பிடிப்பு எப்படி மாறியது?"

கடைசிக் கேள்விக்குப் பின்னணி தெரிந்திருக்க வேண்டும். திமிரியும் பாரியும் நாதஸ்வரத்தின் இரு வகைகள். திமிரி குட்டையானது, சுருதி உயர்ந்தது. பாரி நீளமானது, சுருதி தாழ்ந்தது. பாரியை நிலைநிறுத்தியதில் ராஜரத்தினம் பிள்ளைக்குப் பெரும் பங்கு உண்டு. இதைக்கூடப் படிக்காமல் போய் உட்கார்ந்தால், கலைஞர் இரண்டாவது நிமிடத்திலேயே நம்மை எடைபோட்டுவிடுவார். பிறகு பொதுவான பதில்கள்தான் கிடைக்கும். எதிரே இருப்பவருக்கு விஷயம் தெரியும் என்று பட்டால் மட்டுமே நுணுக்கம் வெளியே வரும். வீணை செய்பவரிடம் போகும் முன், தண்டியிலுள்ள 24 மெட்டுகள், பலா மரம், ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணைக்கும் ஒட்டு வீணைக்கும் உள்ள வேறுபாடு ஆகியவற்றைத் தெரிந்துகொண்டு போவது நம் கடமை.

தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை விவசாயியிடம் நான் எப்போதும் கேட்கச் சொல்லும் கேள்வி இது: "உங்கள் வயலுக்குத் தண்ணீர் எந்த ஆற்றில் வந்து, எந்த வாய்க்காலில் பிரிந்து, எந்த மதகு வழியாக வருகிறது?" அவர் வரிசையாகச் சொல்லும் பெயர்களில் சில எந்த வரைபடத்திலும் இருக்காது. அதன் தொடர்ச்சியாக, "மேட்டூரைத் திறந்து எத்தனையாவது நாள் உங்கள் மதகுக்குத் தண்ணீர் வரும்? உங்கள் அப்பா காலத்தில் எத்தனை நாள்?" என்று கேளுங்கள். ஜூன் 12 என்ற நாள் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் அவர் வயலுக்கு வந்து சேரும் நாள் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

நடவு நட்ட பெண்களிடம் பாட்டு பாடச் சொல்வதோடு நிறுத்திவிடுவது பல நிகழ்ச்சிகளின் வழக்கம். பாட்டு வேண்டும்தான். ஆனால் கூலி நெல்லாக அளந்த காலத்தில் அளந்த மரக்கால் யாருடையது, அது சரியான அளவா என்று யார் பார்த்தார்கள், கைக்குழந்தையை எங்கே கிடத்திவிட்டு வயலில் இறங்கினார்கள், மதியம் என்ன சாப்பிட்டார்கள் என்பதும் வேண்டும். அவர்கள் வாழ்க்கையை அலங்காரமாக்கும் உரிமை நமக்கு இல்லை.

கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள். ஆனால் அடுத்த கேள்வியைப் பார்த்துக்கொண்டே இப்போதைய பதிலைக் கேட்காதீர்கள். நல்ல பேட்டியில் பாதிக் கேள்விகள் விருந்தினரின் பதிலிலிருந்து பிறந்தவையாக இருக்கும்.

இடம், வெளிச்சம், ஒலி

ஸ்டுடியோவின் பிளாஸ்டிக் பூக்களுக்கும் பேனருக்கும் முன்னால் யாரையும் உட்கார வைக்காதீர்கள். பட்டறை, களம், திண்ணை, படித்துறை என்று அவர் வேலை செய்யும் இடமே சிறந்தது. பழைய டெல்டா வீடுகளின் முற்றத்தில் காலை எட்டு முதல் பத்து மணி வரை கிடைக்கும் வெளிச்சத்துக்கு விளக்கே தேவையில்லை. வாசற்கதவு அவருக்குப் பின்னால் வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வந்தால் முகம் கறுத்துவிடும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், கேமராவை வினாடிக்கு 25 பிரேம், ஷட்டர் ஐம்பதில் ஒன்று என்று வைத்தால் டியூப்லைட் துடிப்பது படத்தில் தெரியாது.

படம் சுமாராக இருந்தாலும் மக்கள் பார்ப்பார்கள். ஒலி கெட்டால் சேனலை மாற்றிவிடுவார்கள். காலர் மைக் கட்டாயம். ரெக்கார்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். வெயில் காலத்தில் பெரியவர்களுக்கு அது துன்பம் என்பதால், பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவை நிறுத்தி, விசிறியைப் போட்டு, தண்ணீர் கொடுங்கள். பம்புசெட், அரிசி ஆலை, கோயில் ஒலிபெருக்கி, கல்யாண மண்டபம் எல்லாவற்றின் நேரத்தையும் முதல் சந்திப்பிலேயே விசாரித்துவிட வேண்டும். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அந்த இடத்தின் ஒலியை ஒரு நிமிடம் தனியாகப் பதியுங்கள். வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை நிரப்ப அது உதவும்.

நாதஸ்வரமும் தவிலும் தனிக் கதை. பேச்சுக்கு வைத்த மைக்கில் வாசிக்கச் சொன்னால் ஒலி சிதறிவிடும். காலர் மைக்கைக் கழற்றிவிட்டு, வேறு மைக்கைக் குழலின் அகன்ற முனையான அணசுக்கு நேராக வைக்காமல் சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் நிறுத்தி, அளவைக் குறைத்து, ஒருமுறை வாசிக்க வைத்துச் சரிபார்த்த பின் பதியுங்கள். சிறிய அறையை விடத் திறந்த மண்டபமே மேல். தவிலில் வலந்தலை, தொப்பி என்னும் இரு முகங்களும் கேட்க வேண்டுமென்றால் இரண்டு மைக் தேவை.

வேலையைப் படமெடுப்பது

கைவினைஞர் பேட்டியில் கை தெரியாவிட்டால் பேட்டியே இல்லை. இரண்டு கேமரா இருந்தால் ஒன்று முகத்துக்கு, ஒன்று கைக்கு. ஒன்றுதான் இருக்கிறது என்றால் பேட்டியை முடித்துவிட்டு வேலையைத் தனியாக எடுங்கள்.

சுவாமிமலையில் சிலை வார்ப்பதை எடுப்பதாக இருந்தால் வரிசை தெரிந்திருக்க வேண்டும். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகில் உருவம் பிடிப்பார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை முதல் பூச்சாகப் பூசி, அடுத்தடுத்த பூச்சுகள் கொடுத்துக் காயவைப்பார்கள். சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுவார்கள். அச்சை உடைத்துச் சிலையை எடுத்த பின் உளி வேலை. இது ஒரே நாளில் முடிகிற காரியம் அல்ல. உலோகம் ஊற்றும் தருணத்தை "இன்னொரு முறை செய்யுங்கள்" என்று கேட்க முடியாது. அச்சு ஒன்றுதான், உடைந்தால் போயிற்று. எனவே என்றைக்கு ஊற்றுகிறார்கள் என்று கேட்டு, ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், எங்கே நிற்கலாம் என்று ஸ்தபதியையே கேட்டு, அங்கேயே நில்லுங்கள். ஊற்றும்போது அவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. சிலைக்குக் கண் திறப்பதைப் படமெடுக்கச் சம்மதிக்காதவர்களும் இருக்கலாம். மறுத்தால் காரணம் கேட்டு வற்புறுத்த வேண்டாம்.

கோயிலுக்குள் எடுக்க இந்து சமய அறநிலையத் துறையின் அனுமதியும், தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம் போன்ற இடங்களில் இந்தியத் தொல்லியல் துறையின் அனுமதியும் முன்கூட்டியே வேண்டும்.

எதிரே உட்காரும்போது

விருந்தினரும் தொகுப்பாளரும் ஒரே உயரத்தில் உட்கார வேண்டும். பட்டு உடுத்திய வித்வானுக்கு நாற்காலி, வயலில் வேலை செய்த மூதாட்டிக்குத் தரை என்று நம்மை அறியாமலேயே ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. அவர் தரையில் உட்காரவே விரும்பினால் தொகுப்பாளரும் தரையில் உட்காரட்டும். மரியாதைச் சொல்லிலும் அப்படியே. வித்வானை "ஐயா, நீங்கள்" என்றும் கூலித் தொழிலாளியை ஒருமையிலும் அழைப்பது டெல்டாவின் பழைய கொடுமை. கேமரா முன் அதற்கு இடமே இல்லை. அவரை அக்கம்பக்கத்தார் எப்படி மரியாதையாக அழைக்கிறார்கள் என்று கேட்டு, அப்படியே அழையுங்கள்.

பதில் வராத இடைவெளியை நிரப்பாதீர்கள். முதியவர் யோசிக்கும்போது நாம் அடுத்த கேள்வியைப் போட்டுவிட்டால், வரவிருந்த பெயர் வராமலே போய்விடும். பக்கத்தில் இருக்கும் மகனோ மகளோ முந்திக்கொண்டு பதில் சொன்னால், அவர்களுக்குத் தனியாகக் கடைசியில் நேரம் தருவதாகச் சொல்லுங்கள், சொன்னபடி தாருங்கள்.

துயரமான நினைவுகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதைப் பற்றியோ, சுனாமியில் பிள்ளையை இழந்ததைப் பற்றியோ கேட்கப் போகிறீர்கள் என்றால் முன்பே சொல்லிச் சம்மதம் பெறுங்கள். எந்த இடத்திலும் நிறுத்தலாம் என்பதை அவருக்குப் புரியவையுங்கள். கண்ணீர் வரும்போது கேமராவை முகத்துக்கு நெருக்கிக் கொண்டுபோகாதீர்கள். அந்த நாளோடு முடித்துவிடாமல், அதற்குப் பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்பதையும் கேளுங்கள். காந்தியவாதித் தம்பதியான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981-இல் தொடங்கிய லாஃப்டி அமைப்பின் வழியாக நிலம் பெற்ற பெண்கள் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள். பட்டா தன் பெயரில் வந்த அன்று வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு பெண் சொல்வதைக் கேட்க நம் பார்வையாளர்களுக்கு உரிமை இருக்கிறது.

ஒப்புதலும் சட்டமும்

ஒளிபரப்பவும் பாதுகாக்கவும் இணையத்தில் ஏற்றவும் அனுமதி என்று மூன்றையும் தனித்தனி வரியாக எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். ஒருவர் ஒளிபரப்புக்குச் சம்மதித்து இணையத்துக்கு மறுக்கலாம். அதை மதியுங்கள். வாசித்துக் காட்டும் கலைஞருக்கு அந்த நிகழ்த்துதலின் மேல் சட்டப்படி உரிமை உண்டு. தியாகராஜர் கீர்த்தனை பொதுச்சொத்து. ஆனால் யாரோ வெளியிட்ட ஒலிப்பதிவைப் பின்னணியில் போட அனுமதி வேண்டும். இசையமைத்தவர் மறைந்து 60 ஆண்டு ஆகாத பாடல்களுக்கும் அப்படியே. 1995-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின் கீழுள்ள நிகழ்ச்சி விதிகள் நமக்கும் பொருந்தும். பேட்டியில் விருந்தினர் வேறொருவர் மீது குற்றம் சாட்டினால், ஆதாரம் இல்லாமல் அதை ஒளிபரப்பக் கூடாது.

தொகுப்பு

மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்பதால் அரை மணி நிகழ்ச்சிக்கு 24 நிமிடப் பேச்சு தேவை. ஒரு மணி நேரப் பதிவிலிருந்து அதைப் பிரித்தெடுக்க வேண்டும். எதை வெட்டுவது என்று தயங்கினால், வேறு யாரும் சொல்லக்கூடியதை வெட்டுங்கள். அவர் மட்டுமே சொல்லக்கூடியதை வைத்துக்கொள்ளுங்கள். வாழ்த்தும் நன்றியும் முதலில் போகட்டும், மதகின் பெயர் இருக்கட்டும்.

பேச்சுவழக்கைத் திருத்த வேண்டாம். திரையில் வரும் பெயர், ஊர், தொழில் ஆகியவற்றின் எழுத்துக்களை விருந்தினரிடமோ வீட்டாரிடமோ காட்டிச் சரிபாருங்கள். திருவாவடுதுறையைத் திருவாடுதுறை என்று போட்டால் அந்த ஊரே போன் செய்யும், செய்யவும் வேண்டும். பின்னணியில் சோகமான வீணையோ புல்லாங்குழலோ ஓடவிடும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. அவர் குரலே போதும்.

பாதுகாப்பு

உள்ளூர்ச் சேனல்களில் நடக்கும் பெரிய அழிவு இதுதான்: இடம் போதவில்லை என்று பழைய பேட்டியை அழித்து ஹார்டு டிஸ்கைக் காலி செய்வது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு 50 மெகாபிட் அளவில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 22 ஜி.பி. இரண்டு கேமரா என்றால் 45. ஒரு டெராபைட் டிஸ்கில் இருபதுக்கும் மேற்பட்ட பேட்டிகளின் முழுப் பதிவு அடங்கும். டிஸ்க்கின் விலையை அந்த இருபது பேருக்கும் வகுத்துப் பார்த்தால், அழிப்பதற்கு ஒரு நியாயமும் மிஞ்சாது.

ஒளிபரப்பிய வடிவம் மட்டும் போதாது. வெட்டாத முழுப் பதிவும் இருக்க வேண்டும். இரண்டு பிரதிகள் எடுத்து ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். புயலும் வெள்ளமும் வரும் பகுதி இது. இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்தால் இரண்டு பிரதிகள் இருந்தும் பயனில்லை. கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள், ஊர், விருந்தினர் பெயர் இருக்கட்டும். கூடவே ஒரு பக்கக் குறிப்பு: எந்த நிமிடத்தில் எதைப் பற்றிப் பேசுகிறார், எந்த ஊர்களையும் மனிதர்களையும் குறிப்பிடுகிறார் என்று. இது இல்லாவிட்டால் பத்தாண்டுக்குப் பின் யாராலும் எதையும் தேடி எடுக்க முடியாது.

விருந்தினர் வீட்டுக்கு ஒரு பிரதியைப் பென்டிரைவில் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். வீட்டில் கணினி இல்லையென்றால் தொலைக்காட்சிப் பெட்டியிலேயே செருகிப் போட்டுக் காட்டுங்கள். தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களிலும் ஒரு பிரதியை வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

ஒளிபரப்பான இரவில் போன்கள் வரும். "அந்த வாய்க்காலின் பெயர் அதுவல்ல", "அவருக்கு முன்னால் என் தாத்தா அந்தக் கோயிலில் வாசித்தார்", "அந்தப் புகைப்படத்தில் இடப்பக்கம் நிற்பவர் என் அத்தை" என்று சொல்வார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தைப் போனுக்குப் பக்கத்தில் வைத்து, சொன்னவரின் பெயர், ஊர், தொடர்பு எண்ணோடு ஒவ்வொன்றையும் எழுதி, அந்தப் பேட்டியின் குறிப்போடு சேர்த்து வையுங்கள். திருத்தம் சரியென்று உறுதியானால் அடுத்த வார நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே அதைச் சொல்லுங்கள். போன் செய்தவர்களில் யாருடைய பேச்சில் விவரம் இருந்ததோ, அவர் வீட்டுக்குக் கேமரா இல்லாமல் ஒருமுறை போய் வாருங்கள்.